தனுஷ்கோடி மணலில் காமிராவுடன்

கைப்பேசியிலேயே காமிரா வந்துவிட்ட இந்நாளில், கழுத்தில் கறுப்புப் பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் ஊர் சுற்றுவதற்கு என்ன நியாயம் உண்டு என்று நம்மைக் கேட்போர் பலர். ஐம்பதைக் கடந்த பின் நாம் அத்தகைய பெட்டி ஒன்றை வாங்கியதிலிருந்து இக்கேள்வி இன்னும் கூர்மை பெற்றுவிட்டது. பங்கு மக்களுள் பெரியவர்கள் மறைவாகப் புன்னகை புரிகின்றனர். இளைஞர்களோ, "சாமி, இதுல யூடியூப் ஓடுமா?" என்று நேரிடையாகவே வினவுகின்றனர். ஓடாது. படம் எடுப்பதைத் தவிர அதற்கு வேறு தொழில் தெரியாது. அதுவே அதன் முதற்சிறப்பு என்பது நமது கருத்து.

டி.எஸ்.எல்.ஆர். என்று சுருக்கமாக வழங்கும் இக்கருவியின் உள்ளே, லென்சுக்குப் பின்னால், ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கிறது. லென்சின் வழியே நுழையும் ஒளி அக்கண்ணாடியில் பட்டு மேலெழுந்து, ஐந்து முகமுள்ள பட்டகம் ஒன்றினுள் திரும்பி, நம் கண்ணை வந்தடைகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே மடங்குகிறது, ஷட்டர் திறக்கிறது, ஒளி உணர்தகட்டின்மேல் விழுகிறது. 'தடக்' என்று கேட்கும் ஓசை அக்கண்ணாடி எழுந்து விழும் ஓசையே. பிலிம் காலத்துக் காமிராவும் இதே அமைப்புடையதுதான். பிலிம் இருந்த இடத்தில் உணர்தகடு வந்துள்ளது. நாம் காண்பது திரையில் தோன்றும் நிழலையன்று, எதிரே நிற்கும் பொருளிலிருந்து வரும் ஒளியையே. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் அச்சாளரத்தை நோக்கும்போது, சுற்றியுள்ள சந்தடி அடங்கிவிடுகிறது. கைப்பேசித் திரையில் இந்த அமைதி கிட்டுவதில்லை.

இதன் வரலாறு நெடியதன்று. 1975-இல் அமெரிக்காவின் கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீவன் சாசன் என்னும் இளம் பொறியாளர், பிலிம் இல்லாத காமிரா ஒன்றைச் செய்து காட்டினார். அதன் எடை ஏறக்குறைய 3.6 கிலோ. பத்தாயிரம் புள்ளிகள் மட்டுமே கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 விநாடிகள் தேவைப்பட்டன. 1991-இல் அதே நிறுவனம் நிக்கான் எஃப் 3 காமிராவின் உடலில் உணர்தகட்டைப் பொருத்தி விற்பனைக்கு விட்டது. அதனை வாங்கியவர் படங்களைச் சேமிக்கும் பெட்டி ஒன்றைத் தனியே தோளில் சுமக்க வேண்டியிருந்தது. 2003-இல் கேனான் நிறுவனம் 300டி என்ற காமிராவை ஆயிரம் டாலருக்கும் குறைவான விலையில் கொண்டுவந்த பின்னரே, பத்திரிகையாளரும் செல்வரும் அல்லாதாரும் இதனைக் கையாளும் நிலை பிறந்தது.

இன்று பெரிய நிறுவனங்கள் கண்ணாடியில்லாத காமிராக்களின் பக்கம் திரும்பிவிட்டன. ஆகவே பழைய டி.எஸ்.எல்.ஆர். வாங்குவது மடமை என்று சொல்வோர் உளர். கற்க விரும்புவோருக்கு இதைவிட நல்ல காலம் வாய்க்காது என்று நாம் சொல்வோம். புதிதில் அரை லட்சம் கொடுத்து வாங்கியவற்றைப் பலர் மலிவாகக் கைமாற்றுகின்றனர். வாங்குமுன் இரண்டைக் கவனித்தால் போதும். ஒன்று, அதன் ஷட்டர் எத்தனை முறை இயங்கியுள்ளது என்னும் கணக்கு; விற்பவரிடம் கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவார். மற்றொன்று லென்சின் உட்புறம். லென்சைக் கழற்றி, கைவிளக்கின் ஒளியை அதனூடே பாய்ச்சிப் பாருங்கள். சிலந்தி நூல் போன்ற வெண்கோடுகள் தென்பட்டால் அது பூஞ்சணம். எவ்வளவு குறைந்த விலைக்குத் தந்தாலும் வேண்டாம். நம்முடைய கடலோர ஊர்களில் இந்நோய் மிகுதி. காமிராவுடன் வழக்கமாகத் தரப்படும் 18-55 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றே முதல் ஓராண்டுக்குப் போதுமானது.

இனி, எங்கே கற்பது? நாள்தோறும் புதுப்புது ஊருக்கு ஓடுவதைவிட, ஒரே இடத்திற்குப் பலமுறை செல்வதே நல்ல பள்ளி. நாம் தேர்ந்துகொண்ட இடம் தனுஷ்கோடி. ஓராண்டில் மூன்று முறை சென்றோம்.

இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனை மணல் நாக்குப்போல் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. வடபுறக் கடல் அமைதியானது. அவ்வூரார் அதனைப் பெண்கடல் என்பர். தென்புறம் மன்னார் வளைகுடா. அலை புரண்டு மோதும் அது ஆண்கடல். முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரம் வரையில்தான் சாலை. அதற்கப்பால் மணலில் ஊர்ந்து செல்லும் வேன்களில் எலும்பு குலுங்கப் போக வேண்டும். 2017-இல் அரிச்சல்முனை வரை சுமார் ஒன்பதரைக் கிலோ மீட்டர்ச் சாலை திறக்கப்பட்ட பின் பேருந்தே முனைவரை செல்கிறது. மாலைக்குப் பின் அங்கே தங்கவிடுவதில்லை. ஆயினும் தை மாதத்தில் கதிரவன் ஆறரை மணிக்குப் பின்னரே எழுவதால், விடியற்காலையில் இராமேசுவரத்திலிருந்து புறப்படுவோர் இளவெயிலைத் தவறவிட வேண்டியதில்லை. வழியில் கோதண்டராமர் கோயிலருகே தேங்கிய நீரில் குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து நிற்பதுண்டு. நமது சிறிய லென்சுக்கு அவை எட்டமாட்டா, வெண்புள்ளிகளாகவே பதியும். அதற்கெனப் பெரிய லென்ஸ் வாங்க ஓடாமல், காமிராவை மூடிவிட்டுக் கண்ணாரக் கண்டு செல்வது நலம்.

தனுஷ்கோடி ஒரு காலத்தில் துறைமுகமாகவும் இருப்புப்பாதையின் முனையாகவும் விளங்கியது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், சென்னையில் இரயிலேறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாரை அடைந்து, அங்கிருந்து மீண்டும் இரயிலில் கொழும்பு செல்ல முடிந்தது. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவையொட்டி வீசிய புயலும், அதனுடன் எழுந்த கடலும் அவ்வூரை ஓரிரவில் அழித்தன. பாம்பனிலிருந்து புறப்பட்ட 653-ஆம் எண் பயணி இரயில், தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் அலையால் வாரப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோருள் ஒருவரும் மீளவில்லை. அதன்பின் அரசு அவ்விடத்தை மக்கள் வாழத் தகுதியற்றது என அறிவித்தது. பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாட்களில் செப்பனிட்டார். தனுஷ்கோடிப் பாதையோ மீண்டும் இடப்படவே இல்லை. தூண்கள், நீர்த்தொட்டி, கூரையற்ற பவளக்கல் ஆலயம் ஆகியவையே எஞ்சின.

அங்கு முதன்முதலில் நமக்குப் பாடம் சொன்னது மணல். காமிராவினுள் இருக்கும் ஒளிமானி, உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்று நம்பும் இயல்பினது. வெண்மணலைக் கண்டதும் 'ஒளி மிகுந்துவிட்டது' என்று முடிவுசெய்து படத்தை இருட்டிவிடும். வெண்மணல் அழுக்குச் சாம்பலாகப் பதியும். இதனைத் திருத்த, கூட்டல் கழித்தல் குறியிட்ட சிறு பொத்தான் ஒன்று எல்லாக் காமிராவிலும் உண்டு. மணல்வெளியில் கூட்டல் ஒன்று வைத்தால் மணல் வெண்மையாகும். அந்திக் கதிரவனை எடுக்கும்போது கழித்தல் ஒன்று வைத்தால் வானின் செம்மை வெளுக்காது. காமிராவின் முடிவை நாம் மாற்றலாம், மாற்ற வேண்டும் என்று உணரும் நாளில்தான் இப்பொழுதுபோக்கு தொடங்குகிறது. அதுவரை நம் கையில் இருப்பது கனமான கைப்பேசியே.

பிலிம் காலத்தவர்க்கு வேறொரு கணக்கும் நினைவிருக்கலாம். நல்ல வெயிலில் ஒளித்துளையை எஃப் 16-இல் வைத்து, பிலிமின் வேக எண்ணையே ஷட்டருக்கும் வைப்பது: வேகம் 100 என்றால் ஷட்டர் ஏறக்குறைய நூற்றில் ஒரு விநாடி. ஒளிமானி வாங்க வசதியில்லாதோர் பலர் அக்கணக்கைக் கொண்டே வாழ்நாள் முழுவதும் படம் எடுத்தனர். அது இன்றைக்கும் பொய்க்கவில்லை. இன்று அவ்வேக எண்ணை ஐ.எஸ்.ஓ. என்கிறோம், அவ்வளவே. ஒளித்துளை, ஷட்டர், ஐ.எஸ்.ஓ. ஆகிய மூன்றும் ஒரு குடும்பத்தின் வரவு செலவு போன்றவை. ஒன்றில் கூட்டினால் மற்றொன்றில் குறைக்க வேண்டும். ஒளித்துளையின் எண் பெரிதானால் துளை சிறிதாகும் என்பது மட்டும் தொடக்கத்தில் குழப்பும். பின்னத்தின் கீழெண் அது என்று கொண்டால் குழப்பம் தீரும்.

ஆலயத்தின் சுவர்கள் பவளக்கல்லால் ஆனவை. கடலிலிருந்து எடுத்த அக்கல்லில் தேன்கூடுபோல் நுண்துளைகள் நிறைந்துள்ளன. நண்பகல் வெயில் சுவரை நேரே அறையும்போது அவை ஒன்றும் தெரிவதில்லை. சுவர் தட்டையான பலகையாகிவிடுகிறது. காலை ஏழு மணியளவில் ஒளி சாய்வாகத் தடவிச் செல்லும்போதோ ஒவ்வொரு துளைக்கும் ஒரு நிழல் பிறக்கிறது; கட்டியவர்களின் கைவேலை முழுவதும் எழுந்து நிற்கிறது. காமிரா ஒன்றே, இடமும் ஒன்றே, மாறியது நேரம் மட்டும். எஃப் 8-இல் வைத்தால் முன்னே கிடக்கும் உடைந்த கல்லும் பின்னே நிற்கும் சுவரும் ஏறக்குறைய ஒருசேரத் தெளியும். எஃப் 4-க்கு இறங்கினால் கல் மட்டும் தெளிந்து சுவர் மங்கும். எது வேண்டும் என்பது எடுப்பவரின் விருப்பம். உயர்ந்த சுவரைப் படத்துள் அடக்க விரும்பிக் காமிராவை அண்ணாந்து பிடித்தால், சுவர் பின்னால் சாய்வதுபோல் பதியும். ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும் ஆலயத்தை நாமும் சாய்க்க வேண்டுமா? காமிராவை மட்டமாகப் பிடித்துக்கொண்டு காலால் பின்வாங்குவதே முறை.

மூன்று பயணங்களுக்குள்ளேயே அச்சுவரின் ஓரத்தில் கற்கள் குறைந்திருப்பதைப் படங்களை ஒப்பிட்டுக் கண்டோம். உப்புக்காற்று ஒருபுறம், மறுபுறம் மனிதர். ஒன்பது மணிக்கெல்லாம் வேன்கள் வந்து சேர்கின்றன. சுவரின்மேல் ஏறி நின்று கைவிரித்துப் படம் எடுப்போர் உண்டு. திருமணத்திற்குமுன் மணமக்களை அலங்கரித்து அழைத்துவந்து, பீடமிருந்த இடத்தில் சாய்ந்து நிற்கச் செய்து எடுப்போரும் உண்டு. அம்மணமக்களை நாம் கடிந்துகொள்ள மாட்டோம். நல்ல ஒளியுள்ள இடத்தை நாடி வந்துள்ளனர். ஆனால் அவர்களைச் சுவரில் ஏற்றும் தொழில்முறைக் கலைஞர் அவ்விடத்தின் கதையை அறியாதவராயிருக்க முடியாது. காலடியில் பெயரும் ஒரு கல்லை மீண்டும் அங்கே வைப்பார் யார்?

படங்களைவிடக் கடினமானது மனிதரைப் படமெடுப்பது. வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்ட அவ்வூரில் இன்றும் மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் வாழ்கின்றன. மணலில் கையால் தோண்டிய ஊற்றில், இருபுறமும் உப்புக்கடல் சூழ்ந்திருக்க, நல்ல தண்ணீர் சுரக்கிறது. பெண்கள் சிரட்டையால் அதனை மொண்டு குடத்தில் ஊற்றுகின்றனர். காமிரா வைத்திருப்பவரின் கை தானாக உயரும் காட்சி அது. சாலையோரத்தில் சங்கும் சிப்பிமாலையும் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், "எடுக்கலாமா, அம்மா?" என்று கேட்டோம். "வேண்டாம் சாமி. எடுத்துட்டுப் போயிருதாக, அது எங்கெங்கயோ போயிருது. போன வருசம் எம் மக படம் ஏதோ விளம்பரத்துல வந்துச்சுன்னு சொன்னாக" என்றார். நாம் காமிராவைப் பைக்குள் வைத்துவிட்டு, மாலை ஒன்றை வாங்கிக்கொண்டு சற்று நேரம் பேசியிருந்தோம். தொலைவிலிருந்து நீண்ட லென்சால் அவர் அறியாமல் எடுக்கலாமே என்று நண்பர் ஒருவர் பின்னர்ச் சொன்னார். முடியும்தான். ஒருவர் வேண்டாம் என்று சொல்லிய பின் அவர் முகத்தை எடுத்துச் செல்வதற்கு நம் மொழியில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு.

கரையில் வேறொரு முதியவர் இருந்தார். வயது எழுபதை நெருங்குபவர். புயலடித்தபோது சிறுவனாம், தாத்தாவுடன் இராமேசுவரம் போயிருந்ததால் உயிர் பிழைத்தாராம். அவரை ஆலயச் சுவரின் முன் நிறுத்தி ஒரு படம் எடுக்க விரும்பினோம். அழிந்த ஊரும் எஞ்சிய மனிதரும் என்று மனத்துக்குள் தலைப்புக்கூட அமைந்துவிட்டது. அவர் தலையசைத்து மறுத்தார். "வாரவுக எல்லாரும் என்னைய அங்கதான் நிப்பாட்டுறாக சாமி. இடிஞ்சதுக்கு முன்னாடி நின்னு நின்னு எனக்கே அலுத்துப்போச்சு. நான் செத்துப்போகல. வலை இழுக்கையில எடுங்க" என்றார். பிறகு, "ஆனா எடுத்த படத்தை எனக்குக் குடுக்கணும். இதுவரைக்கும் ஒருத்தரும் குடுத்ததில்லை" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவர் சொன்ன வேலையே நமக்கு மிகச் சிறந்த பயிற்சியாயிற்று. கரைவலையின் ஒரு கயிற்றைக் கரையிலே நிறுத்திவிட்டு, படகில் வலையை அரைவட்டமாகக் கடலுள் விரித்து, மறுகயிற்றுடன் கரை சேர்கின்றனர். பின்னர் இரு குழுவாகப் பிரிந்து, கயிற்றைத் தோளிலும் இடுப்பிலும் கொடுத்துப் பின்னோக்கி நடந்து மணிக்கணக்கில் இழுக்கின்றனர். இழுவையின் தாளம் ஒன்றே. ஆனால் அதனை எடுக்கும் வழி பல. ஷட்டரை ஐந்நூறில் ஒரு விநாடிக்கு வைத்தால், கயிற்றிலிருந்து தெறிக்கும் நீர்த்துளி அந்தரத்தில் நின்றுவிடும். கழுத்து நரம்பு புடைத்திருப்பது தெரியும். முப்பதில் ஒரு விநாடிக்கு இறக்கினால் கால்களும் கைகளும் மங்கி, இழுக்கும் விசை மட்டும் படத்தில் எஞ்சும். இரண்டாவது வகைக்குக் கை நடுங்கலாகாது. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை மெதுவாக விட்டபடி அழுத்த வேண்டும். பொதுவாக, லென்சின் நீளம் எத்தனை மில்லிமீட்டரோ அந்த எண்ணுக்குக் குறையாத வேகம் இருந்தால் கைநடுக்கம் பதியாது. நமது காமிராக்களின் உணர்தகடு சிறியதாகையால் அதில் பாதியைக் கூட்டிக்கொள்வது காப்பு. ஐம்பது மில்லிமீட்டருக்கு எண்பதில் ஒரு விநாடி என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே பின்புறம் பளபளக்கும் கடல். முன்னே வெயிலில் கறுத்த முகங்கள். காமிராவை அதன் போக்கில் விட்டால் கடலை நன்றாக எடுத்து, மனிதரை நிழலாக்கிவிடும். மீண்டும் அதே கூட்டல் பொத்தான்; கடல் சற்று வெளுத்தாலும் முகங்கள் துலங்கின.

கடற்கரைக்குச் செல்வோர்க்குச் சில எச்சரிக்கைகள். மணற்காற்றில் லென்சைக் கழற்றாதீர். ஒரு மணல் உள்ளே புகுந்தால் உணர்தகட்டைத் துடைக்கப் பணிமனையைத் தேட நேரும். வீடு திரும்பியதும் உப்புப் படிந்த உடலைப் பிழிந்த ஈரத்துணியாலும் பின் உலர்துணியாலும் துடையுங்கள். தோல் பையில் அடைத்து அலமாரியில் வைப்பதைவிட, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைப்பதே பூஞ்சணத்துக்கு மருந்து. படங்களை 'ரா' என்னும் கோப்பு வகையில் பதிந்தால், இருண்டுபோன முகத்தைப் பின்னர்க் கணினியில் ஓரளவு மீட்கலாம். ஆனால் அவை இடத்தை மிகுதியாக விழுங்கும். எதுவாயினும் இரண்டு வட்டுகளில் இரண்டு பிரதிகள் இருக்கட்டும். 1964-இல் அவ்வூரார் இழந்தவற்றுள் குடும்பப் படங்களும் அடங்கும். தம் தாயின் முகம் எப்படியிருந்தது என்று அம்முதியவருக்குக் காட்ட இன்று ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

மூன்றாம் முறை சென்றபோது எட்டுக்குப் பன்னிரண்டு அங்குல அளவில் அச்சிட்டு, உப்புக்காற்றுத் தாங்கும்படி லாமினேஷன் செய்த படத்தை அவரிடம் கொடுத்தோம். கயிற்றை இழுத்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் படம். நெடுநேரம் பார்த்தார். முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வலையில் தைத்திருந்த ஒட்டு ஒன்று படத்தில் தெளிவாகத் தெரிவதைப் பக்கத்திலிருந்தவருக்குச் சுட்டிக் காட்டினார். படம் கைமாறிக் கைமாறிக் குடிசைகளுக்குள் சென்று ஒரு மணி நேரம் கழித்தே திரும்பி வந்தது. புறப்படும்போது ஒரு பனையோலைப் பெட்டி நிறைய மீன் வந்து சேர்ந்தது; விலை கேட்டதற்குச் சிரித்துவிட்டார்கள்.

சென்ற வாரம் இராமேசுவரத்திலிருந்து வந்த ஒருவர் செய்தி ஒன்று சொன்னார். வலை இழுப்போர் பன்னிருவருக்கும் ஆளுக்கொரு படம் வேண்டுமாம். கயிறு பிடிக்கும்போதல்ல, வரும் நாளை முன்கூட்டியே சொல்லிவிட்டால், எல்லாரும் சட்டை அணிந்து படகருகே வரிசையாக நிற்பார்களாம்.